தெளிந்தவர் கொடுத்த புகார்

கடையை மூடிய பிறகு ஊரில் முதலில் மாறியது சத்தம். சாயங்காலமானால் கத்தலும் கண்ணாடி உடைகிற ஓசையுமாக இருந்த தெருவில் இப்போது பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. எங்கோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடினால் நாலு வீடு தள்ளியும் கேட்டது. புறக்காவல் நிலையத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஏட்டம்மாவுக்குக் கொஞ்ச நாள் அது பயமாகவே இருந்தது. அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று அடங்கிவிட்டால் தாய்க்கு வருமே, அந்த மாதிரிப் பயம்.

ஊர் என்றால் ஒரு கல்குவாரியும் அதில் வேலை செய்கிறவர்களின் வீடுகளும்தான். கீழே நகரத்திலிருந்து வரும் பஸ் இங்கே வந்து திரும்பிப் போகும். அதற்கு மேல் சாலை கிடையாது. ஒரு பேக்கரி, ஒரு வெல்டிங் பட்டறை, டாக்டர் எப்போதாவது வரும் சுகாதார நிலையம், இரண்டே போலீஸ்காரர்கள் இருக்கும் ஸ்டேஷன். இத்தனைக்கும் நடுவில் மதுக்கடை இருந்தது. ஒரு சம்பள நாளன்று, அந்தக் கடை வாசலில், லாரி கிளீனர் ஒருவனை அவனுடைய கூட்டாளியே பாட்டிலால் குத்திவிட்டான். யார் நாற்காலியில் உட்காருவது என்று சண்டை. மறுநாள் காலை லாக்கப்பில் கண்விழித்த கூட்டாளி ஏட்டம்மாவைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "அவன் எங்கம்மா, இன்னும் எந்திரிக்கலையா?" என்பதுதான்.

அதற்குப் பிறகு வெல்டர் மனைவி தலைமையில் பெண்கள் கடை முன்னால் உட்கார்ந்தார்கள். உத்தரவு வந்தது. கடை மூடப்படும், வெளியிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கொண்டுவரக் கூடாது, ஒரு வருஷம் பார்ப்போம், பலன் இருந்தால் தொடரலாம். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மூங்கில் தடுப்பும் தகரக் கொட்டகையும் போட்டு, அதற்குச் செக்போஸ்ட் என்று பெயர் வைத்தார்கள்.

பலன் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. "தையல் போட்டே நாளாச்சு. இப்படியே போனா ஊசியில நூல் கோக்கவே மறந்துடுவேன்" என்று சுகாதார நிலையத்துக் கம்பவுண்டர் அலுத்துக்கொண்டார். லாக்கப் காலியாகக் கிடந்ததால், ஏட்டம்மாவுக்குக் கீழே இருந்த ஒரே கான்ஸ்டபிள், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவர், அதற்குள் வெங்காய மூட்டையைப் போட்டு வைத்தார். கேட்டால், "காத்தோட்டமான இடம்மா" என்றார்.

ஏட்டம்மாவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய நிம்மதி அவள் அக்கா விஷயத்தில்தான்.

அக்காவின் புருஷன் குவாரியில் கிரேன் ஓட்டுகிறவர். வேலையில் கெட்டிக்காரர். குடித்துவிட்டு வந்தால் அக்காவை அடிப்பார். வீங்கிய முகத்தோடு அக்கா ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்காருவாள். புகார் எழுது என்றால் மாட்டாள். "அது குடி பண்ற வேலை பாப்பா. மனுஷன் நல்லவர்தான்" என்பாள். ஊருக்கே ஏட்டம்மாவாக இருந்தாலும் அக்காவுக்கு அவள் பாப்பாதான். அக்கா சொன்னதை ஏட்டம்மாவும் நம்பினாள். குடி ஒழிந்தால் மாமா சரியாகிவிடுவார் என்று எத்தனையோ தடவை அக்காவிடம் அவளே சொல்லியிருக்கிறாள். பெண்கள் கடை முன்னால் உட்கார்ந்தபோது, சீருடையைப் போட்டுக்கொண்டு அவர்களோடு உட்கார முடியவில்லையே என்றுதான் அவளுக்கு வருத்தம்.

மாமா குடியை விட்டார். மற்றவர்கள் போல் கீழே நகரத்துக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிற வேலையெல்லாம் இல்லை. ஒரே வெட்டு. அக்கா பெஞ்சுக்கு வருவது நின்றது.

கொஞ்ச நாள் கழித்துத்தான் ஏட்டம்மாவுக்கு உறைத்தது, அக்கா பெஞ்சுக்கு மட்டும் வராமல் இல்லை, எங்கேயுமே வருவதில்லை. பேக்கரியில் மாவு பிசைகிற வேலையை விட்டுவிட்டாள். "வீட்டுல அவர் இருக்கும்போது நான் வெளிய இருக்கிறது நல்லா இருக்காதாம்" என்று பேக்கரிக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். சரி, இத்தனை வருஷம் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருக்க ஆசைப்படுகிறார்கள், இதில் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று ஏட்டம்மா இருந்துவிட்டாள்.

அவளுக்கு வேறு குழப்பங்கள் இருந்தன. அடிதடி குறைந்த ஊரில் விநோதமான திருட்டுகள் நடக்க ஆரம்பித்தன. பேக்கரியில் கல்லாப்பெட்டியைத் தொடாமல் ஈஸ்ட் டப்பாக்களை மட்டும் யாரோ தூக்கிப் போனார்கள். "ஒரு வாரமா என் ரொட்டி செங்கல்லு மாதிரி இருக்கு. குவாரிக்காரங்க எங்கிட்ட விலை கேக்கறாங்க" என்று பேக்கரிக்காரர் வந்து நின்றார். வெல்டிங் பட்டறையில் செம்புக் குழாய் போனது. மூன்று வீடுகளில் பிரஷர் குக்கர் போனது. சர்க்கரையும் ஈஸ்டும் குக்கரும் குழாயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நெட்டைக்கு அவளைவிட முன்னால் புரிந்தது. பாறைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் காய்ச்சிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்தார்கள். அதற்குள் அதைக் குடித்த ஒருவனுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. அவனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வெல்டர் மனைவி எதிரே வந்து ஏட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுல பிள்ளைங்க இப்பத்தான் நிம்மதியாத் தூங்குதுங்க" என்றாள். எதைக் கணக்கில் வைப்பது, எதை விடுவது என்று ஏட்டம்மாவுக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அக்கா பிடிபட்டது மத்தியான பஸ்ஸில்.

நெட்டை பஸ்ஸுக்குள் ஏறிப் பைகளைத் தடவிக்கொண்டு வந்தவர், பின் சீட்டுப் பக்கம் போனதும் அப்படியே நின்றுவிட்டார். இறங்கி வந்து, "நீங்களே ஒரு தடவ பாத்துடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். சன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. பைக்குள் கோதுமை மாவு. மாவுக்குள், துண்டு சுற்றிய பாட்டில்.

ஏட்டம்மா அவளைக் கொட்டகைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"யாருக்குக்கா இது?"

"அவருக்குத்தான். வேற யாருக்கு?"

"மாமா வாங்கிட்டு வரச் சொன்னாரா?"

"அவரா? அவர் இருக்கிற இருப்புக்கு இதைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்குவார். பல் வலின்னு பொய் சொல்லித்தான் கீழ போனேன்." அக்கா தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "முன்னால கொண்டு போய் வெச்சா, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் கை தானாப் போகும்னு நினைச்சேன்."

ஏட்டம்மாவுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "நீ என்ன பேசுறன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? அடி வாங்கினது போதலயா உனக்கு?"

"இப்ப அவர் அடிக்கிறதே இல்ல பாப்பா. கை ஓங்கறதுகூட இல்ல."

"அப்புறம் என்ன?"

 அக்கா, மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். முன்பெல்லாம் வருவார், கத்துவார், அடிப்பார், விழுந்து தூங்கிவிடுவார். அவர் தூங்கின பிறகு வீடு அவளுடையது. இப்போது தூங்குவதில்லை. எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேள்வி கேட்கிறார். இன்றைக்கு யாரோடு பேசினாய், என்ன பேசினாய், நேற்று வேறு மாதிரிச் சொன்னாயே, எது பொய். போனை வாங்கி வைத்துக்கொண்டார். வேலைக்குப் போகும்போது வெளியே தாழ் போட்டுப் பூட்டிவிட்டுப் போகிறார்.

"குடிச்சிருந்தா நான் என்ன சொன்னேன்னு மறுநாள் அவருக்கு ஞாபகம் இருக்காது. இப்ப எல்லாமே ஞாபகம் இருக்கு பாப்பா. கல்யாணமான புதுசுல நான் சொன்னதுகூட."

"இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"என்னன்னு சொல்றது? அடிச்சா முகத்தைக் கொண்டு வந்து உங்கிட்ட காட்டலாம். இதை எங்க காட்டறது?"

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். ஏட்டம்மா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எழுதினால் அக்கா மேல் வழக்கு. எழுதாவிட்டால் தன் வேலைக்கு ஆபத்து. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. இதே கையால் கிளீனர் பையனின் உடம்பைத் துணி போட்டு மூடியிருக்கிறாள்.

கொட்டகைக்குப் பின்னால் போய் மூடியைத் திறந்து சாக்கடையில் கவிழ்த்தாள். அக்கா தடுக்கவில்லை, அழவுமில்லை. மாவைத் தட்டிச் சரிசெய்து பையைக் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நெட்டை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

மறுநாள் ஞாயிறு. மாமாவுக்கு விடுமுறை. ஏட்டம்மா சீருடை இல்லாமல் அக்கா வீட்டுக்குப் போனாள். கண்ணால் பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று நினைத்தாள்.

கதவைத் திறந்தவர் மாமா. சவரம் செய்த முகம், வெளுத்த சட்டை, தெளிந்த கண். இப்படி ஒரு மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை. "வாம்மா வா. நீ வந்து எவ்வளவு நாளாச்சு" என்று வாய் நிறையக் கூப்பிட்டு, அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார். வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. பாத்திரங்கள் உயரவாரியாக அடுக்கியிருந்தன. கதவுக்கு வெளிப்பக்கம் புதிதாகப் போட்ட தாழ்ப்பாள் மின்னியது.

"பல் வலி எப்படிக்கா இருக்கு?" என்று ஏட்டம்மா கேட்டாள்.

"அவளுக்குத் தேவலாம்" என்றார் மாமா.

"சாப்பிட்டியாக்கா?"

"இப்பத்தான் சாப்பிட்டா."

அக்கா தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெளியில எதுக்கு மாமா தாழ்ப்பாள்?"

மாமா சிரித்தார். "நீயே போலீஸ்காரி. நீயே கேக்கலாமா? ஊருல குக்கரையே திருடிட்டுப் போறான். வீட்டுல பொம்பள தனியா இருக்கா. பாதுகாப்பு வேண்டாமா?"

 குடித்துவிட்டு அலறிக்கொண்டு வந்த காலத்தில் ஏட்டம்மா இதே மனிதரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்திருக்கிறாள். இப்போது எதைப் பிடித்து இழுப்பது? டீ நன்றாக இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் தனக்குத் தெரிந்த சட்டப் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மனைவியை உற்றுப் பார்ப்பதற்கு எந்தப் பிரிவும் இல்லை. தாழ்ப்பாளுக்கு ஏதோ ஒன்று வரும் என்று தோன்றியது. ஆனால் அக்கா வாயைத் திறந்து சொன்னால்தானே?

அந்த வாரமே இன்ஸ்பெக்டர் மேலே வந்தார். ஒரு வருஷம் முடியப் போகிறது, பலன் என்ன என்று பார்த்துப் போக வந்தவர். ஆளில்லாத லாக்கப்பைப் பார்த்து அவருக்குப் பூரிப்பு. "எல்லா ஊரும் உங்க ஊர் மாதிரி ஆயிட்டா நமக்கெல்லாம் வேலையே போயிடும் போலிருக்கே" என்று சொல்லி அவரே சிரித்தார். ஈஸ்ட் திருட்டையும் கண் போனவனையும் ஏட்டம்மா சொல்ல ஆரம்பித்தாள். "அதெல்லாம் சில்லறை" என்று கையை அசைத்தார்.

அப்போதுதான் வாசலில் மாமா வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் மடித்த தாள். பின்னால், நாலடி தள்ளி, அக்கா.

"ஒரு புகார் கொடுக்கணும்ங்க. என் மனைவி மேல."

இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார். மாமா உட்காரவில்லை. மதுவிலக்கு இருக்கும் ஊருக்குள் தன் மனைவி பாட்டில் கொண்டு வந்ததாகவும், செக்போஸ்ட்டில் பிடித்த ஏட்டு, உடன்பிறந்தவள் என்பதால் வழக்குப் போடாமல் விட்டுவிட்டதாகவும், நிதானமாக, ஒரு வார்த்தை தடுக்காமல் சொன்னார். "பொண்டாட்டியாச்சேன்னு பாத்தா சட்டம் எதுக்குங்க? இந்தக் கடையை மூடினதால மனுஷனானவன் நான். அதுக்கு நான் விசுவாசமா இருக்க வேண்டாமா?"

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "இந்த மாதிரிக் குடிமகன் ஊருக்கு நாலு பேர் இருந்தாப் போதும்" என்றார். போன வருஷம்வரை மாமா இன்னொரு அர்த்தத்தில் பெரிய குடிமகன் என்பது தெரிந்த நெட்டை, வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பிறகு இன்ஸ்பெக்டர் ஏட்டம்மா பக்கம் திரும்பினார். "உண்மையா?"

"உண்மைதான் ஐயா."

"அவங்க உங்க அக்காவா?"

"ஆமா ஐயா."

நெட்டை தரையைப் பார்த்தார்.  மாமாவுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி ஏட்டம்மாவின் மண்டைக்குள் ஓடியது. அதற்கு அக்காவே பதில் சொன்னாள்: "நான்தான் பாப்பா சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தார். விடிஞ்சும் கேட்டார். சொல்லிட்டேன்."

ஏட்டம்மா தன் கையாலேயே புகாரைப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அக்கா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். சின்ன அளவுதான், முதல் தடவைதான், கையெழுத்துப் போட்டுவிட்டுப் புருஷனோடு வீட்டுக்குப் போகலாம், நீதிமன்றத்துக்குக் கூப்பிடும்போது வந்தால் போதும் என்று இன்ஸ்பெக்டர் பெரிய மனது பண்ணிச் சொன்னார். மாமா கதவருகே போய், செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்றார்.

அக்கா அசையவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டாள்: "என்னை உள்ள வெக்க முடியாதுங்களா?"

"என்னம்மா?"

"லாக்கப்புல. தப்புப் பண்ணியிருக்கேன் இல்ல? வீட்டுக்கு அனுப்பாதீங்க. உள்ள வைங்க."

"அதுக்குத் தேவை இல்லம்மா. நீங்க வீட்டுக்கே..."

"வீடு வேண்டாங்க." அக்காவின் குரல் உயரவில்லை. "இங்க பூட்டினா சாவி உங்ககிட்ட இருக்கும். அங்க அவர்கிட்ட இருக்கு."

இன்ஸ்பெக்டர் ஏட்டம்மாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமாவின் முகத்தில் கோபம்கூட இல்லை. கணக்கு எங்கே தப்பியது என்று தேடுகிற முகம். "அவளுக்கு மனசு சரியில்லைங்க. நான் கூட்டிட்டுப் போய்ப் பாத்துக்கறேன்" என்று ஓரடி உள்ளே வைத்தார்.

யாரும் சொல்லாமலே நெட்டை எழுந்து போய், வெங்காய மூட்டையை லாக்கப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்டார். அக்கா உள்ளே போனாள். கம்பிக் கதவைத் தானே சாத்திக்கொண்டாள். தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்தவள், இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்வியை யோசித்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். பட்டப்பகலில், மூன்று ஆண்கள் பேச்சுச் சத்தத்தில், வாய் திறந்தபடி குழந்தை மாதிரித் தூங்கினாள். மாமா வெகுநேரம் வாசலிலேயே நின்றார். வெயில் சாய்ந்த பிறகுதான் போனார்.

"இது என்ன கேஸ்னே எனக்குப் புரியலையே" என்றார் இன்ஸ்பெக்டர். அன்றைக்கு அவர் சொன்னதில் ஏட்டம்மாவுக்கு முழுதாக உடன்பாடான வாக்கியம் அது ஒன்றுதான்.

அக்கா எழுந்த பிறகு, தாழ்ப்பாளைப் பற்றியும் போனைப் பற்றியும் ஏட்டம்மா கேட்கக் கேட்கச் சொன்னாள். ஏட்டம்மா எழுதிக்கொண்டாள். அதை இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்துவிட்டுக் கொண்டுபோனார். அது என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. பாட்டில் விஷயத்தில் மட்டும் நடவடிக்கை சுறுசுறுப்பாக வந்தது. அக்காவுக்கு அபராதம். ஏட்டம்மாவுக்கு இடமாற்றம், நகரத்துப் போக்குவரத்துப் பிரிவுக்கு. ஏட்டம்மா அக்காவையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. எதிர்ச் சாரியில் மதுக்கடை. பொழுது சாய்ந்ததும் கத்தலும் கண்ணாடி உடைகிற ஓசையும் ஆரம்பித்துவிடும். ஏட்டம்மாவுக்குத் தூக்கம் வராது. அக்கா, அடித்துப் போட்ட மாதிரித் தூங்குவாள். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்தது. கையெல்லாம் சோப்பு வாடையோடு வருவாள். மாமா குடிக்காமலே இருக்கிறார், குவாரியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டார், ஊரே மெச்சுகிறது என்று மேலேயிருந்து வருகிறவர்கள் சொன்னார்கள். அவள் வந்தால் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். அக்கா கேட்டுக்கொண்டாள். பதில் சொல்லி அனுப்பவில்லை.

ஒருநாள் வெல்டர் மனைவி போன் செய்தாள். கடையை மறுபடி திறக்க வேண்டும் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்களாம். திருட்டுச் சாராயத்தால் கண் போனவனைக் கூட்டிக்கொண்டு மனு கொடுத்திருக்கிறார்களாம். ஊர்க் கூட்டம் வைத்திருக்கிறார்கள். "நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும் ஏட்டம்மா. ஸ்டேஷன்ல இருந்து பாத்தவங்க நீங்கதான். நீங்க சொன்னா எடுபடும்" என்றாள்.

பார்க்கிறேன் என்று சொல்லி ஏட்டம்மா போனை வைத்தாள். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"கடையைத் திறக்கலாமா வேண்டாமான்னு கூட்டமாம். என்னைப் பேசக் கூப்பிடுறாங்க. எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலக்கா."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? திறக்கக் கூடாதுன்னு சொல்லு" என்றாள் அக்கா, பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏட்டம்மா அவளையே பார்த்தாள். "நீயா சொல்ற?"

"ஏன், நான் சொல்லக் கூடாதா? வெல்டர் வீட்டுப் பிள்ளைங்க நிம்மதியாத் தூங்குதுங்க இல்ல?"

"அப்ப நீ எதுக்குப் பாட்டிலை மாவுல மறைச்சுக் கொண்டு வந்த?"

"அது வேற பாப்பா."

"எப்படி வேற?"

அக்கா யோசித்தாள். உண்மையிலேயே யோசிப்பது நெற்றியில் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. "வேறதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். "உக்காரு, சோறு ஆறுது."